தீக்காயப் படுக்கையில் கேட்கப்படும் அந்தக் கேள்வி: குடி, போதைப்பொருள் பற்றி வைத்தியர்கள் ஏன் விசாரிக்கிறார்கள்?

தீயில் வெந்த ஒருவரைத் திருகோணமலை நகரிலோ, கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்திலோ உள்ள ஒரு வைத்தியசாலைக்கு உறவினர்கள் தூக்கிவருகிறார்கள். சேலைன் ஏறுகிறது, வலிக்கு ஊசி போடப்படுகிறது, புண் கழுவப்படுகிறது. இந்தப் பதற்றத்துக்கு நடுவில் தாதி ஒருவர் கேட்கிறார்: “இவர் மதுசாரம் பாவிப்பவரா? வேறு ஏதாவது பழக்கம் இருக்கிறதா?”

குடும்பத்தாரின் முகம் சுருங்கிவிடுகிறது. எரிந்து கிடக்கும் மனிதரைப் பற்றிக் கேட்கிற கேள்வியா இது என்று சிலர் கோபப்படுகிறார்கள். பலர் யோசிக்காமலே “இல்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். பொலிஸுக்குப் போகுமோ, சிகிச்சையில் குறை வைத்துவிடுவார்களோ, ஊரில் பேசுவார்களோ என்ற அச்சம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அந்தப் பொய்யான “இல்லை”, நோயாளி படுக்கையில் கிடக்கும் முதல் வாரத்திலேயே அவருடைய உயிருக்கு ஆபத்தாக மாறலாம். எப்படி என்பதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

முதலில் சில சொற்கள்

முன்சோதனை: ஸ்கிரீனிங் என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். நோய் உண்டு என்று முடிவு சொல்வது இதன் வேலையன்று. அரிதட்டில் மாவை அரிப்பதுபோல, கூடுதலாகக் கவனிக்க வேண்டியவர்களைப் பிரித்தெடுப்பதோடு அதன் வேலை முடிகிறது. அதன்பின் யாருக்கு என்ன பிரச்சினை என்பதை விரிவான பரிசோதனைதான் சொல்லும்.

தீங்கான பாவனை: குடிக்கிறார் என்பதும் குடிக்கு அடிமையாகிவிட்டார் என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அடிமையாகாமலேயே, உடலுக்கும் வேலைக்கும் வீட்டுக்கும் கேடு வரும் அளவுக்குக் குடிப்பவர்கள்தான் அந்த இடைவெளியில் நிற்பவர்கள். முன்சோதனையால் அதிகம் பயன்பெறுபவர்களும் அவர்களே.

விலகல் நிலை: நாள்தோறும் மதுசாரத்துக்குப் பழகிய மூளைக்கு அது திடீரென்று கிடைக்காமல் போகும்போது ஏற்படும் நடுக்கம், வலிப்பு, சித்தக் குழப்பம் ஆகியவை. தீக்காயத்தோடு படுக்கையில் விழுந்த ஒருவருக்கு அன்றிலிருந்து குடி கிடைப்பதில்லை. யாரும் திட்டமிடாமலே, குடி ஒரே நாளில் நின்றுபோகிறது.

தீக்காயத்தின் அளவு: உடலின் மேற்பரப்பில் எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்பது. வளர்ந்தவர்களில் ஒரு கை முழுவதும் 9, ஒரு கால் முழுவதும் 18, உடற்பகுதியின் முன்புறம் 18 என்று கணக்கிடுவார்கள். நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து ஏறத்தாழ 1 சதவீதம்.

உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 180,000 பேர் தீக்காயங்களால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் இருப்பவர்கள்.

தீக்கும் போதைக்கும் என்ன தொடர்பு?

போதையில் இருப்பவருக்குச் சூடு உறைப்பது தாமதமாகிறது. தட்டிவிட்ட விளக்கை நிமிர்த்தும் கை தடுமாறுகிறது. சிகரெட் புகைந்துகொண்டிருக்கும்போதே தூக்கம் வந்துவிடுகிறது. தீப்பிடித்த அறையிலிருந்து வெளியேறப் பிந்துவதால் புகை நுரையீரலுக்குள் போகிறது. தோல் தீயோடு இருந்த நேரம் சில விநாடிகள் கூடினாலே காயத்தின் ஆழம் கூடிவிடும். மேல்தோலோடு நின்றிருக்க வேண்டிய காயம், தோல் ஒட்டுச் சத்திரசிகிச்சை தேவைப்படும் காயமாகிவிடுகிறது.

திருகோணமலையில் எரிபொருளோடு புழங்காத குடும்பங்கள் குறைவு. கரையோரக் குடும்பங்களில் வெளியிணைப்பு இயந்திரத்துக்கான மண்ணெண்ணெய்யும் பெற்றோலும் கான்களில் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நகர வீடுகளிலும் பெற்றோல் சேமிக்கும் பழக்கம் வந்தது. மின்சாரம் நின்றால் குப்பி விளக்கு. கசிப்புக் காய்ச்சும் இடங்களில் தீயும் மதுசார ஆவியும் அருகருகே இருக்கின்றன.

குப்பி விளக்கால் வரும் தீக்காயங்களைக் குறைக்க நம் நாட்டில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதில் சரியாத, கனமான கண்ணாடியும் திருகுமூடியும் கொண்ட பாதுகாப்பு விளக்கை உருவாக்கி, அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருதைப் பெற்றார். விளக்கைப் பற்றி அவ்வளவு யோசித்த நாடு, அதை ஏற்றும் கையின் நிலையைப் பற்றி அதே அக்கறையோடு பேசியதில்லை என்பது என் மனக்குறை.

மூன்று கடிகாரங்கள்

தீக்காயப் பிரிவில் இந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டு முடித்துவிட முடியாது. விடை மூன்று வெவ்வேறு காலங்களில், மூன்று வெவ்வேறு காரணங்களுக்காகத் தேவைப்படுகிறது.

1. முதல் 24 மணித்தியாலம்

வெந்த தோல் வழியாகவும் வீங்கிய திசுக்களுக்குள்ளும் உடலின் நீர் பெருமளவில் போய்விடுகிறது. அதை ஈடுசெய்ய நெடுங்காலமாகப் பயன்படும் பார்க்லண்ட் சூத்திரம் இப்படிச் சொல்கிறது: 4 மில்லிலீற்றர் பெருக்கல் உடல் எடை பெருக்கல் வெந்த சதவீதம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடலில் 20 சதவீதம் வெந்திருந்தால் 4,800 மில்லிலீற்றர். அதில் பாதி, எரிந்த நேரத்திலிருந்து 8 மணித்தியாலத்துக்குள் ஏறியிருக்க வேண்டும். வைத்தியசாலைக்கு வந்த நேரத்திலிருந்து கணக்கிடக் கூடாது.

இந்தச் சூத்திரம் ஒரு தொடக்கப்புள்ளிதான். ஏற்றும் திரவம் போதுமா என்பதை மணிக்கு மணி வரும் சிறுநீரின் அளவைக் கொண்டு சரிபார்ப்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் வந்தால் போதும் என்பது கணக்கு. இங்கேதான் மதுசாரம் ஏமாற்றுகிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹோர்மோனை மதுசாரம் அடக்கிவிடுவதால், உடல் வறண்டுகொண்டிருக்கும்போதே சிறுநீர் தாராளமாக வரக்கூடும். தாளில் எண் சரியாக இருக்கும், நோயாளியின் இரத்த ஓட்டமோ குன்றிக்கொண்டிருக்கும். குடித்திருந்தார் என்பது தெரிந்தால் வைத்தியர் அந்த எண்ணை மட்டும் நம்பியிருக்கமாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. குழறிப் பேசுகிறார், கூப்பிட்டால் விழிக்கிறார், மறுபடி தூங்கிவிடுகிறார். போதைதான் காரணம் என்று விட்டுவிட்டால், தலையில் பட்ட அடியையோ புகையால் இரத்தத்தில் சேர்ந்த காபன் மொனொக்சைட்டையோ தவறவிட்டுவிடுவோம். ஆகவே குடித்திருப்பது தெரிந்தாலும், மற்றக் காரணங்களைத் தேடுவது நிற்கக் கூடாது.

2. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை

என் பார்வையில் மிக ஆபத்தான காலம் இதுதான். விலகல் நிலைக்கு ஓர் ஒழுங்கான நேர வரிசை உண்டு. கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலமளவில் கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள், சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் கடுமையான சித்தக் குழப்பம் வரும். உரிய சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிரையே எடுத்துவிடும்.

மூன்றாம் நாள் இரவைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டு நாள் அமைதியாகக் கிடந்தவர் போர்வையின் ஓரத்தை விரலால் பிய்த்துக்கொண்டே இருக்கிறார். மின்விசிறியில் பூச்சி ஊர்வதாகச் சொல்கிறார். வள்ளத்தை இழுக்கக் கரைக்குப் போகவேண்டும் என்று எழும்பப் பார்க்கிறார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 130. காய்ச்சல் 101. சேலைன் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டார், கட்டுத்துணி நனைந்து கிடக்கிறது.

இதே நாட்களில்தான் புண்ணிலிருந்து கிருமி இரத்தத்தில் பரவும் செப்சிஸ் பற்றிய அச்சமும் தொடங்கும். அதன் அடையாளங்களும் காய்ச்சல், வேகமான நாடி, குழப்பம்தான். பெரிய தீக்காயம் பட்டவரின் உடல் கிருமி இல்லாமலே சூடாகவும் வேகமாகவும் இயங்கும் என்பது சிக்கலை இன்னும் கூட்டுகிறது. குடிப்பழக்கம் பற்றிய தகவல் கையில் இல்லாத வைத்தியர் அன்ரிபயோட்டிக்கை மாற்றிப் பார்ப்பார், விலகல் நிலைக்கான மருந்து பிந்தும். குடிப்பழக்கத்தை மட்டும் நினைத்துச் செப்சிஸைத் தவறவிடுவதும் அதே அளவு ஆபத்து. முதல் நாளிலேயே விடை தெரிந்திருந்தால், நடுக்கம் தொடங்கும் முன்பே கண்காணிப்பைத் தொடங்கலாம். சிவா (CIWA) என்ற 10 அம்ச அளவுகோல் இதற்கென்றே இருக்கிறது. நோயாளியின் நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம் போன்றவற்றுக்குத் தாதியர் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை புள்ளி இடுவார்கள். அதைக் கொண்டு டயசெபாம், லொராசெபாம் வகை மருந்துகள் தீர்மானிக்கப்படும்.

நீண்டகாலம் குடிப்பவர்களின் உடலில் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 வற்றியிருக்கும். தீக்காய நோயாளிக்கு மாப்பொருளும் குளுக்கோசும் கூடுதலாகக் கொடுக்கப்படும்போது எஞ்சியிருக்கும் தயமினும் செலவாகி, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். முன்கூட்டித் தயமின் ஊசி போட்டால் இதைத் தடுக்கலாம். மலிவான மருந்து, ஆனால் போடவேண்டும் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

3. வீடு திரும்பிய பின் மாதக்கணக்கில்

இதற்குத் தனியே வருகிறேன். நம் கவனத்தில் மிகக் குறைவாக விழுவது இந்தப் பகுதிதான்.

என்னென்ன கேள்விகள்?

நடைமுறையில் உள்ள முக்கியமான கேள்வித்தாள்கள் நான்கு.

கேஜ் என்பது 4 கேள்விகள் மட்டும் கொண்டது. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா? உங்கள் குடியைப் பற்றிப் பிறர் குறைசொல்லி எரிச்சல் பட்டதுண்டா? குற்றவுணர்வு வந்ததுண்டா? காலையில் எழுந்ததும் நிலைகொள்வதற்காகக் குடித்ததுண்டா? இரண்டுக்கு “ஆம்” என்றால் விரிவாக விசாரிக்க வேண்டும். அமெரிக்காவில் தீக்காயத்திலிருந்து மீண்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் பேர்ன் மொடல் சிஸ்டம் என்ற தரவுத் திட்டம் இதைத்தான் பயன்படுத்திவந்தது. இதன் குறை, “எப்போதாவது” என்று கேட்பது. பத்து வருடத்துக்கு முன் குடித்து நிறுத்தியவரும் நேற்றுக் குடித்தவரும் ஒரே புள்ளி பெறுவார்கள்.

ஓடிட் என்பது உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 10 கேள்விகள். மொத்தம் 40 புள்ளிகள். 8 முதல் 15 வரை என்றால் ஆலோசனை, 16 முதல் 19 வரை சுருக்கமான உளவளத்துணையும் தொடர் கவனிப்பும், 20 அல்லது அதற்கு மேல் என்றால் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நேரமில்லாத இடத்தில் முதல் 3 கேள்விகளை மட்டும் கேட்கும் சுருக்க வடிவமும் உண்டு.

இதன் ஒன்பதாவது கேள்வியைக் கவனியுங்கள்: “உங்கள் குடியால் உங்களுக்கோ வேறொருவருக்கோ காயம் ஏற்பட்டதுண்டா?” கடந்த ஒரு வருடத்துக்குள் என்றால் 4 புள்ளி. போதையில் தீப்பட்டு வந்தவருக்கு இந்த ஒரு விடையிலேயே எல்லைக்கோட்டின் பாதித் தூரம் கடந்துவிடும். தீக்காயப் பிரிவில் ஓடிட் பொருந்திப்போவதற்கு இது ஒரு காரணம்.

அஸிஸ்ட் கேள்வித்தாளும் உலக சுகாதார நிறுவனத்தினுடையதே. 8 கேள்விகளைப் புகையிலை, மதுசாரம், கஞ்சா, ஐஸ் போன்ற ஊக்கிகள், தூக்க மாத்திரைகள், ஹெரோயின் போன்ற 10 வகைப் பொருட்களுக்கும் கேட்கிறது. டாஸ்ட் மதுசாரத்தை விட்டுவிட்டுப் போதைப்பொருளை மட்டும் கேட்கும். 10 கேள்விகள், ஆம் அல்லது இல்லை.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் நம் ஊர்ச் சிக்கல் தொடங்குகிறது. “குடிப்பீர்களா?” என்று கேட்டால், “நான் குடிப்பதில்லை, பியர் மட்டும்தான்” என்பார் ஒருவர். “கடலுக்குப் போய்வந்தால் உடம்பு அலுப்புக்கு ஒரு கால்” என்பார் இன்னொருவர். தவறணையில் விற்கும் கள்ளைக் குடியாகக் கணக்கில் எடுக்காதவர்களும் உண்டு. ஆகவே சாராயம், பியர், கள்ளு, கசிப்பு என்று பெயர் சொல்லித் தனித்தனியே கேட்க வேண்டும்.

அளவும் அப்படித்தான். ஓடிட் கணக்கில் ஓர் அலகு என்பது 10 கிராம் தூய மதுசாரம். கால் போத்தல் என்பது 180 மில்லிலீற்றர். சாராயத்தின் செறிவு 33.5 சதவீதம் என்றால் அதில் ஏறத்தாழ 48 கிராம் மதுசாரம் இருக்கும். “ஒன்றுதான் எடுப்பேன்” என்பவர் உண்மையில் கிட்டத்தட்ட 5 அலகுகள் எடுக்கிறார். அதற்குமேல் ஒரு சிறிய பியர் சேர்ந்தால், ஓடிட்டின் மூன்றாவது கேள்வி எச்சரிக்கும் “ஒரே தடவையில் 6 அல்லது அதற்கு மேல்” என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார். “எத்தனை?” என்று கேட்டு “ஒன்று” என்று எழுதிக்கொள்ளும் தாளால் எந்தப் பயனும் இல்லை.

இரத்தமும் சிறுநீரும் சோதித்தால் போதாதா?

போதாது. இரத்தத்தில் உள்ள மதுசாரம் சில மணித்தியாலங்களின் கதையை மட்டும் சொல்லும். திருமண வீட்டில் ஒருநாள் குடித்தவருக்கு அது உயர்ந்திருக்கும். நாள்தோறும் குடிப்பவர் தாமதமாகக் கொண்டுவரப்பட்டால் அது பூச்சியமாக இருக்கும், விலகல் நிலை வரப்போவதும் அவருக்குத்தான்.

சிறுநீர்ச் சோதனையில் இன்னொரு குழி இருக்கிறது. தீக்காயத்தின் வலிக்கு மோர்பின் கொடுப்பது வழக்கம். ஊசி போட்டபின் எடுத்த சிறுநீரில் அபின் வகை மருந்து தெரியத்தான் செய்யும். வைத்தியசாலை கொடுத்த மருந்தையே சான்றாக வைத்து ஒருவரைப் போதைக்காரர் என்று எழுதிவிடும் அநீதி நடக்க இடமுண்டு. மாதிரி எடுத்த நேரமும் ஊசி போட்ட நேரமும் பதிவில் இருக்க வேண்டும். ஈரல் நொதிகளைப் பார்த்து முடிவு செய்வதும் கடினம், ஏனெனில் பெரிய தீக்காயமே ஈரலைப் பாதிக்கும். ஆகவே மரியாதையோடு கேட்கப்பட்ட கேள்விக்கு நம்பிக்கையோடு சொல்லப்பட்ட விடைதான் இன்றுவரை மிகப் பயனுள்ள சோதனை.

எல்லோரிடமும் ஏன் கேட்க வேண்டும்?

சந்தேகப்படும் ஆட்களிடம் மட்டும் கேட்டால் அது மருத்துவமாக இராது, ஆளைப் பார்த்து எடைபோடுவதாகிவிடும். சாரம் கட்டிய மீனவரிடம் கேட்பார்கள், வங்கி உத்தியோகத்தரிடம் கேட்கமாட்டார்கள். முஸ்லிம் குடும்பம் என்றால் கேட்கத் தயங்குவார்கள். மார்க்கம் தடுத்திருப்பதால் அங்கே ஒருவர் குடித்திருந்தால் அதை மறைக்கும் தேவை இன்னும் அதிகம், அதனால் விலகல் நிலை எதிர்பாராமல் வந்து தாக்கும் ஆபத்தும் அதிகம். பெண்களிடம் கேட்பதேயில்லை. தூக்கமில்லை என்று பார்மசியில் வாங்கிய மாத்திரையை வருடக்கணக்காக விழுங்கும் அம்மாவுக்கும் அது திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம். அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

எல்லோரிடமும் கேட்கும்போது கேள்வியின் கூர் மழுங்குகிறது. “ஐயா, இந்த விடுதிக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் இது. உங்களுக்குக் கொடுக்கும் மருந்தின் அளவு இதைப் பொறுத்திருக்கிறது” என்று தொடங்கினால் பெரும்பாலானவர்கள் மனம் திறப்பார்கள்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். திருகோணமலை மூன்று சமூகங்களின் ஊர். தமிழ் தெரியாத தாதியும் சிங்களம் தெரியாத நோயாளியும் எதிரெதிரே இருக்கும்போது, பக்கத்தில் நிற்கும் மகனையோ மனைவியையோ மொழிபெயர்க்கச் சொல்வது நடைமுறையாகிவிட்டது. தகப்பன் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார் என்பதைப் பதினாறு வயது மகனின் வாயால் கேட்டால் உண்மை வருமா? இந்தக் கேள்விகளுக்கு மட்டுமாவது, நோயாளியின் மொழி தெரிந்த ஊழியர் ஒருவர், உறவினரை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

பொலிஸ் பற்றிய அச்சம் வெறும் கற்பனையன்று. சந்தேகத்துக்கிடமான தீக்காயங்கள் சட்ட வைத்திய அதிகாரியின் பார்வைக்கும் போகும். அந்த விசாரணை வேறு, சிகிச்சைக்காகக் கேட்கும் இந்தக் கேள்வி வேறு என்பதை நோயாளிக்கு விளங்கப்படுத்துவது கேட்பவரின் கடமை. விளக்காமல் கேட்டால் “இல்லை” என்ற விடையே வரும், அதற்காக நோயாளியைக் குறைசொல்ல முடியாது.

விடை “ஆம்” என்றால்?

திட்டுவதும் அறிவுரையை அள்ளிக்கொட்டுவதும் பயன் தராது. சுருக்கமான, திட்டமிட்ட உரையாடலுக்குப் பயன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. சியாட்டில் நகரின் ஹார்பர்வியூ விபத்துச் சிகிச்சை நிலையத்தில் காயமடைந்து சேர்ந்த 762 பேரை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு 1999இல் வெளியானது. ஒரு பகுதியினரோடு குடியைப் பற்றி ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பேசினார்கள். ஒரு வருடம் கழித்து அவர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 22 அலகுகள் குறைத்திருந்தார்கள். பேசப்படாதவர்கள் குறைத்தது ஏறத்தாழ 7. அது எல்லா வகைக் காயங்களையும் பற்றிய ஆய்வு. என்றாலும் படுக்கையில் கிடக்கும் நாட்களில் மனிதர் தன் வாழ்வைத் திரும்பிப் பார்க்கிறார் என்பது தீக்காயத்துக்கும் பொருந்தும்.

ஹெரோயின் பாவித்தவருக்கு வலிநிவாரணி கொடுப்பது பற்றிப் பரவலான தவறான எண்ணம் ஒன்று இருக்கிறது. “போதைக்காரனுக்கு மோர்பின் கொடுத்தால் இன்னும் கெட்டுவிடுவான்” என்று அளவைக் குறைத்துவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. அவருடைய உடல் அந்த வகை மருந்துக்குப் பழகியிருப்பதால் வலி அடங்கக் கூடுதல் அளவு தேவைப்படும். வலியோடு கட்டு மாற்றினால், சொந்தப் பொறுப்பில் கையெழுத்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஆறாத புண்ணோடு வெளியே போனவர் திரும்பப் போவது பழைய இடத்துக்குத்தான்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு

தீக்காயம் வைத்தியசாலையில் முடிவதில்லை. புதிய தோல் மாதக்கணக்கில் அரிக்கும், குறிப்பாக இரவில். வடு தடிக்காமல் இருக்க இறுக்கமான அழுத்த உடையை நாளில் ஏறத்தாழ முழு நேரமும், ஒரு வருடம் வரையோ அதற்கு மேலோ அணியச் சொல்வார்கள். மே மாத நிலாவெளி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பதை நினைத்துப் பாருங்கள். ஒட்டுத் தோலில் வியர்வைச் சுரப்பி இல்லை. பெரும் பரப்பு வெந்தவரால் உடல் சூட்டை வெளியேற்ற முடியாது. வள்ளத்தில் நடுக்கடலில் வெயிலில் நின்றவர், தம்பலகாமத்து வயலில் வேலை செய்தவர், இப்போது காலை பத்து மணிக்கே நிழல் தேடவேண்டும். வருமானம் நின்றுவிடுகிறது. முகத்தில் வடு இருந்தால் சந்தையில் குழந்தைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். இரவில் கண்மூடினால் அதே தீ.

இந்த இரவுகளில்தான் புதிய குடிப்பழக்கங்கள் பிறக்கின்றன. அனுமதியான அன்று உண்மையாகவே “இல்லை” என்று சொன்னவர், ஆறாம் மாதத்தில் தூக்கத்துக்காகக் கால் போத்தல் வாங்குபவராகலாம். அரிப்புக்குக் கொடுக்கும் கபபென்டின், பிரகபலின், வலிக்குக் கொடுக்கும் டிரமடோல் ஆகியவற்றோடு மதுசாரம் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகும் அபாயம் உண்டு. கொடுத்த மாத்திரை தீர்ந்தபிறகும் வெளியே வாங்கி விழுங்கத் தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். முதல் நாளில் பூச்சியப் புள்ளி எடுத்தவரிடம் யாரும் மறுபடி கேட்பதில்லை என்பதால் இவர்கள் யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம் என்று கிளினிக் வரும்போதெல்லாம் வடுவை அளப்பதோடு இந்தக் கேள்வியையும் மனச்சோர்வு பற்றிய கேள்விகளையும் கேட்க வேண்டும். வெருகலிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் பஸ் ஏறி நகரத்துக்கு வருவது நோயாளிக்கு ஒரு முழு நாள் வேலை. பலர் இரண்டாவது தவணையோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்குப் போகும் மருத்துவமாதுவும், பக்கத்து வைத்தியசாலையின் மனநலப் பிரிவும் இந்த வேலையில் பங்கெடுத்தால்தான் இது நடக்கும். தொலைபேசியில் பேச விரும்புபவர்களுக்கு மனநல உதவிக்கு 1926, போதைப்பொருள் பற்றிய ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 ஆகிய இலக்கங்கள் இருக்கின்றன.

இன்னொருவரையும் மறக்கக் கூடாது. குடித்துவிட்டு வந்த கணவனோடு ஏற்பட்ட இழுபறியில் அடுப்புச் சரிந்து வெந்த பெண். அவருடைய புள்ளி எப்போதும் பூச்சியம்தான். ஆனால் துண்டு வெட்டி அனுப்பும்போது அவர் எந்த வீட்டுக்குப் போகிறார் என்று யாராவது கேட்க வேண்டும். “வீட்டில் வேறு யாராவது குடிப்பார்களா, அதனால் உங்களுக்குப் பயம் உண்டா?” என்ற கேள்வி மேலே சொன்ன நான்கு கேள்வித்தாள்களிலும் இல்லை. தனியே, கணவர் இல்லாத நேரத்தில், சேர்த்துக் கேட்கவேண்டிய கேள்வி அது.

குடும்பத்தார் சொல்லவேண்டியவை

தீப்பட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே 1990 அம்புலன்ஸை அழைப்பது முதல் வேலை. அம்புலன்ஸில் வருபவரிடமும் வைத்தியரிடமும், கேட்காவிட்டாலும், தாழ்ந்த குரலிலாவது சொல்லவேண்டியவை இவை:

1. தீப்பட்ட சரியான நேரம்.
2. கடைசியாக மதுசாரம் எடுத்த நேரம், என்ன வகை, எவ்வளவு.
3. எத்தனை நாளாக, வாரத்தில் எத்தனை நாள் எடுக்கிறார்.
4. முன்பு குடியை நிறுத்தியபோது நடுக்கமோ வலிப்போ வந்ததா.
5. வேறு பொருள், தூக்க மாத்திரை, வலி மாத்திரை பழக்கம் உண்டா.

“குடிப்பார்” என்று மட்டும் சொன்னால் வைத்தியருக்கு அதிகம் பயனில்லை. “நேற்றிரவு எட்டு மணிக்குக் கால் போத்தல் சாராயம் எடுத்தார். மூன்று வருடமாகத் தினமும் எடுக்கிறார். போன வருடம் நோன்புக்காக நிறுத்தியபோது இரண்டாம் நாள் வலிப்பு வந்தது” என்று சொன்னால், மூன்றாம் நாள் இரவுக்கான மருந்து முதல் நாளே எழுதப்பட்டிருக்கும்.